நீலகிரியில் 15 வயது ஸ்ப்ளெண்டர் வாங்குகிறீர்களா? எஃப்.சி.க்கும் மலைக்கும் சேர்த்து ஒரு வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் வேலைக்கோ தொழிலுக்கோ வந்து, குறைந்த விலையில் ஒரு பைக் தேடினால் அதிகம் கண்ணில் படுவது ஸ்ப்ளெண்டர் பிளஸ்தான். அதிலும் 2008 முதல் 2012 வரை பதிவான கார்புரேட்டர் வண்டிகள். இவை 15 வருடத்தைத் தாண்டிவிட்டன, அல்லது தாண்டப் போகின்றன. "ஆர்.சி. முடிஞ்சிருக்கு, ஒரு எஃப்.சி. காட்டிட்டா இன்னும் அஞ்சு வருஷம் கவலையே இல்ல" என்று விற்பவர் சொல்வார். (ஆர்.சி. என்பது பதிவுச் சான்று, எஃப்.சி. என்பது வண்டியை ஆய்வுக்குக் காட்டி வாங்கும் தகுதிச் சான்று.)

அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் எஃப்.சி. காட்டும் செலவு யார் தலையில் விழும் என்பதை அவர் சொல்வதில்லை. ஆய்வு நடப்பது சமதளத்தில் என்பதையும் சொல்வதில்லை. குன்னூர்–மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பர்லியார் இறக்கத்தில் டிரம் பிரேக் சூடேறினால் என்ன ஆகும் என்பது அந்தச் சான்றில் இருக்காது. அதனால் காகிதத்தையும் பாருங்கள், வண்டியை மலையிலும் ஓட்டிப் பாருங்கள்.

1. நேரில் போகும் முன் போனில் பாருங்கள்

விற்பவரிடம் பதிவு எண்ணை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போடுங்கள். ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: உரிமையாளர் பெயர், பதிவு எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ், புகைச் சான்று, வங்கிக் கடன் குறிப்பு. அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் தளத்திலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை:

உரிமையாளர் ஒருவர், விற்பவர் வேறொருவர். கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டி வாங்கி விற்கும் கடையில், நிற்கும் பல வண்டிகளுக்கு இதுதான் நிலை. முதல் உரிமையாளர் கையெழுத்துப் போட்ட, பெயர் மாற்றத்துக்கான வெற்றுப் படிவம் 29, 30 கையில் இருக்கிறது என்பார்கள். அதை வைத்து மட்டும் காரியம் நடக்காது. இப்போது எல்லாம் ஆன்லைன் விண்ணப்பம், ஓ.டி.பி. போவது ஆர்.சி.யில் பதிவான மொபைல் எண்ணுக்கு. அந்த எண் செத்துப்போயிருந்தால், முதலில் உரிமையாளரே அதை மாற்றித் தர வேண்டும். ஆகவே ஆர்.சி.யில் பெயர் இருப்பவரோடு நேரில் பேச முடியாத வண்டியைத் தொடாதீர்கள். அவர் இறந்திருந்தால் வாரிசு படிவம் 31-இல் தன் பெயருக்கு மாற்றிய பிறகே உங்களுக்கு விற்க முடியும்.

கடன் எப்போதோ கட்டி முடித்திருப்பார்கள், ஆனால் ஆர்.சி.யில் வங்கி பெயர் அப்படியே இருக்கும். அதை நீக்க படிவம் 35-உம் வங்கியின் தடையின்மைக் கடிதமும் வேண்டும். பத்து வருடத்துக்கு முன் கொடுத்த கடிதத்தை ஏற்க மாட்டார்கள், புதிதாக வாங்கச் சொல்வார்கள். கடன் கொடுத்த நிதி நிறுவனம் மூடப்பட்டிருந்தாலோ இன்னொன்றோடு இணைந்திருந்தாலோ அலைச்சல் அதிகம். இதை விற்பவரே முடித்துக் கொடுக்கட்டும்.

2. எந்தப் பதிவெண் என்பதும் விலைதான்

டி.என். 43 என்றால் ஊட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், 43 இசட் என்றால் கூடலூர். இந்த வண்டிகளுக்குக் கொஞ்சம் கூட விலை சொன்னாலும் கொடுக்கலாம். புதுப்பிப்பு, பெயர் மாற்றம் இரண்டும் மலையிலேயே முடியும். வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர எடுக்க வேண்டிய, 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் தொல்லையும் டி.என். 43 வண்டிக்குக் கிடையாது.

கோவை, மேட்டுப்பாளையம் வண்டி என்றால் பதிவான அலுவலகத்துக்கு ஓரிரு முறை இறங்கி ஏற வேண்டியிருக்கும். அந்த நாட்களின் கூலி நட்டத்தையும் விலையில் கழியுங்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் கேரள, கர்நாடகப் பதிவு வண்டிகள் மலிவாக வரும். அங்கிருந்து படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். 15 வயது 100 சி.சி. வண்டிக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

3. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்

"காலைல ஏழு மணிக்கு வர்றேன், வண்டிய ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் கிளம்பாத வண்டியைக் கிளப்பி வைத்திருக்கிறார் என்றுதான் கணக்கு.

சோக் இழுத்து நாலைந்து கிக்கில் கிளம்ப வேண்டும். செல்ஃப் ஸ்டார்ட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். சின்ன பேட்டரி, ஊட்டிக் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். அதை மாற்றிக்கொள்ளலாம்.

புகையைப் பார்க்கும்போது மலையை நினைவில் வையுங்கள். விடியற்காலையில் வெள்ளையாக வந்து இரண்டு மூன்று நிமிடத்தில் மறைவது வெறும் நீராவி. நீலம் கலந்து, ஆயில் வாடையோடு வருவதுதான் கவலை. கிளப்பியதும் கொஞ்சம் நீலமாக வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், பெரிய செலவில்லை. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டர் முறுக்கும்போதெல்லாம் நீலம் வந்தால் பிஸ்டன் ரிங், போர் தேய்ந்திருக்கிறது. இன்ஜின் பிரிக்கும் வேலை அது.

ஆயில் மூடியைக் கழற்றுங்கள். அடிப்பக்கம் வெண்ணெய் போல ஒரு பிசுபிசுப்பு இருந்தால் பதற வேண்டாம். இது காற்றால் குளிரும் இன்ஜின், உள்ளே தண்ணீர் கசிய வழியே இல்லை. வீட்டுக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடிய வண்டியில் இன்ஜின் முழுச்சூடு ஏறாமல் ஈரம் தங்கியதன் அடையாளம் அது. ஆயிலை மாற்றிவிட்டு நன்றாக ஓட்டினால் போய்விடும். அளவு பார்க்கும்போது குச்சியைத் திருகாமல், சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பாருங்கள். ஆயில் கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தால், அந்த வண்டி அப்படியே எவ்வளவு காலம் ஓடியிருக்கும் என்று யோசியுங்கள்.

இந்த 97.2 சி.சி. இன்ஜின் சுலபத்தில் சாகாது. ஆயில் இல்லாமல் ஓட்டினால்தான் சாகும். ஐடிலில் இடது பக்கத்திலிருந்து 'கட கட' என்று வருவது பெரும்பாலும் டைமிங் செயின் அல்லது அதன் டென்ஷனர். இதைச் சரிசெய்துவிடலாம். அடியிலிருந்து கனமாக, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது 'டொக் டொக்' என்று வந்தால் கிராங்க். அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்து உடம்பு. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெதுவாக இடமிருந்து வலம் திருப்புங்கள். நேர்நிலைக்கு வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்தது போல 'டக்' என்று நின்றால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், போய்விட்டது. இறக்கம் முழுக்க முன் பிரேக் பிடித்தே ஓடிய மலை வண்டிகளில் இது சகஜம். உதிரிபாகம் 500 ரூபாய்க்குள்தான், மாற்றும் கூலி தனி. மாற்றாமல் ஓட்டினால் வளைவில் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது.

முன் சக்கரம் தூக்கிய நிலையிலேயே ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஃபோர்க் குழாயில் ஆயில் வழிந்த தடம் இருந்தால் ஆயில் சீல். பிறகு பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது ஸ்விங் ஆர்ம் புஷ். கேத்தி, நஞ்சநாடு பக்கம் காரட், உருளைக்கிழங்கு மூட்டை சுமந்த வண்டிகளில் இந்த புஷ்ஷும் பின் ஷாக் அப்சார்பரும் முதலில் போகும். கேரியர் மாட்டிக் கழற்றிய போல்ட் தடம், சீட்டுக்குப் பின்னால் வெல்டு வைத்த இடம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

துருவும் அப்படித்தான். டேங்க் பளபளக்கும். பேட்டரிப் பெட்டிக்குக் கீழும், சென்டர் ஸ்டாண்ட் மாட்டும் இடத்திலும், சைலன்சரின் அடியிலும் டார்ச் அடியுங்கள். சைலன்சர் துருப்பிடித்தால் மாற்றலாம். வண்டியின் ஃபிரேமில் சாவியால் தட்டினால் உதிர்கிற அளவு துரு என்றால் வேண்டாம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேஸ் எண்ணையும் பாருங்கள். ஹேண்டில் திரும்பும் கழுத்துக் குழாயில் அடித்திருப்பார்கள். மண்ணையும் கிரீஸையும் துடைத்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆய்வு நாளில் பென்சில் பிரிண்ட் (எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் நகல்) எடுக்க வேண்டியது இதைத்தான். துருவில் ஒரு எண் மங்கியிருந்தாலும் விவகாரம் நீளும். எமரி தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எண்ணைத் திருத்தியது போல ஆகிவிடும்.

4. ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று

தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பணம் கொடுப்பவர்கள்தான் மறு வாரம் மெக்கானிக் கடையில் நிற்கிறார்கள். குறைந்தது நாலைந்து கிலோமீட்டர் ஏற்றமும் அதே அளவு இறக்கமும் ஓட்டுங்கள். முதல் நாளே கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போக வேண்டாம்.

ஏற்றத்தில் கிளட்ச். மூன்றாவது கியரில் நிதானமாக ஏறும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக முறுக்குங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. வேகம் ஏறாமல், சத்தமும் ஏறாமல் திணறினால் அது கிளட்ச் இல்லை. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, இன்ஜின் சக்தியும் அந்த அளவு குறையும். இரண்டு பேர் ஏறினால் இரண்டாவது கியர் கேட்பது இந்த வண்டியின் குறையில்லை.

இறக்கத்தில் பிரேக். இரண்டாவது கியரில், இன்ஜின் பிடிமானத்தில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கிப் பழகியவர் வண்டியானால் டிரம்மின் உட்பக்கம் கண்ணாடி போல வழவழத்திருக்கும். லீவரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும், கருகிய வாடையும் வரும். பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறதா என்பதை டிரம்மின் வெளியே இருக்கும் அம்புக்குறியே காட்டும். பிரேக்கை அழுத்தும்போது அது எல்லைக் குறியைத் தொட்டால் ஷூ முடிந்தது. ஷூ விலை சொற்பம். டிரம்மே தேய்ந்து ஓரத்தில் வரம்பு விழுந்திருந்தால் செலவு பல மடங்கு.

ஹெட்லைட்டையும் ஓடும்போதே பாருங்கள். 2008 முதல் 2012 வரையிலான இந்த வண்டிகளில் அது பேட்டரியில் எரிவதில்லை, மேக்னெட்டோவிலிருந்து நேராக எரிகிறது. ஐடிலில் மங்குவது இயல்பு. ஆக்சிலரேட்டர் கொடுத்தும் மங்கலாகவே இருந்தால் காயில் அல்லது ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். மூடுபனியில் ஐடில் வேகத்தில்தான் போவீர்கள் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

5. புகைச் சான்றும் உயரமும்

கோவையில் டியூன் செய்த கார்புரேட்டர் வண்டி ஊட்டிக்கு வந்தால் காற்று குறைந்து பெட்ரோல் மிகும். பிளக் கரியேறும், மைலேஜ் விழும், புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு அளவு ஏறும். 2000 ஏப்ரலுக்குப் பிந்தைய நான்கு ஸ்ட்ரோக் பைக்குக்கு அனுமதி, கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம். ஒழுங்கான இன்ஜின் எளிதாக இந்த வரம்புக்குள் நிற்கும். நிற்கவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்:

ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? அடைத்திருந்தால் வேறெதையும் தொடும் முன் மாற்றுங்கள். சோக் முழுதாகத் திறக்கிறதா? கேபிள் துருவில் பாதியில் நிற்கும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காப்பித்தூள் நிறம் சரி, கரிக்கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. பிறகுதான் மிக்ஸர் ஸ்க்ரூ, அதாவது கார்புரேட்டரில் காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் திருகு. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளப்பது, வெளியே திருக பெட்ரோல் குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலை அளப்பது, உள்ளே திருகினால்தான் குறையும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு திருகி, இன்னும் கெடுப்பது ரொம்ப நடக்கிறது. இன்ஜினைப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றிய பிறகு, கால் சுற்று கால் சுற்றாக மட்டும் திருகுங்கள்.

ஊட்டியில் சரிசெய்த வண்டியை மேட்டுப்பாளையத்தில் தினம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அங்கே மறுபடி பார்க்க வேண்டும். இந்த வயது வண்டிக்குப் புகைச் சான்று ஆறு மாதம்தான் செல்லும்.

6. எஃப்.சி.க்கு முன் சரிசெய்ய வேண்டியவை

பிரேக் இன்ஸ்பெக்டர் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. கண்ணுக்குத் தெரிவதில்தான் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்.

- நம்பர் பிளேட்: முன்னால் எழுத்தும் எண்ணும் 30 மி.மீ. உயரம். பின்னால் எழுத்து 35, எண் 40 மி.மீ. சாய்வெழுத்து, சாமி பெயர், கட்சிக் கொடி எதுவும் கூடாது.
- பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் சாரி கார்டு, பின்னால் உட்காருபவர் பிடிக்கக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட். மூன்றும் விதியில் உள்ளவை. பழைய வண்டியில் சாரி கார்டைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். கடையில் புதிது கிடைக்கும்.
- இண்டிகேட்டர் நான்கு, பிரேக் லைட் (முன் லீவர், பின் பெடல் இரண்டுக்கும்), பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர், ஹாரன், கண்ணாடி.
- ஸ்பீடோமீட்டர் ஓட வேண்டும். பெரும்பாலும் கேபிள் மட்டும் அறுந்திருக்கும்.
- கம்பெனி சைலன்சர். சத்தம் போடும் சைலன்சரோடு போவது வீண் அலைச்சல்.
- டயர்: சட்டப்படி 0.8 மி.மீ. பட்டன் இருந்தால் போதும். மலைக்கு அது போதாது, 2 மி.மீ. வரும்போதே மாற்றிவிடுங்கள். ஒன்று ஏறக்குறைய 1,500 முதல் 2,000 ரூபாய்.
- வண்டியின் நிறம் ஆர்.சி.யில் உள்ளதுதானா? வேறு பெயின்ட் அடித்திருந்தால் அதைப் பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

7. புதுப்பிப்பு: காகிதமும் பணமும்

பதிவு முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பரிவாகன் தளத்தில் பதிவுப் புதுப்பிப்பைத் தேர்ந்தெடுத்து, படிவம் 25-ஐ நிரப்பி, கட்டணம் கட்டி, நாள் குறித்துக்கொள்ள வேண்டும். உடன் வேண்டியவை: அசல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, பான் அட்டை (இல்லையென்றால் படிவம் 60), சேஸ் எண் பென்சில் பிரிண்ட்.

15 வருடம் முடிந்த பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 1,000 ரூபாய். 20 வருடம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டு அறிவிப்புப்படி 2,000. ஆய்வுக் கட்டணம், ஸ்மார்ட் கார்டு, தமிழ்நாட்டின் பசுமை வரி இவை தனி. தளம் காட்டும் தொகையே இறுதி, அதற்கு மேல் கேட்பவர் புரோக்கர்.

தாமதத்தில்தான் கை சுடும். மத்திய விதிப்படி பைக்குக்கு மாதம் 300 ரூபாய், ஒரு நாள் தாண்டினாலும் முழு மாதக் கணக்கு. பதிவு முடிந்து 10 மாதம் ஆன வண்டி என்றால் 3,000 தாமதக் கட்டணம், 1,000 புதுப்பிப்பு, ஆக 4,000, அதன் மேல்தான் மற்றவை. விலை பேசும்போது இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். வாதம் சீக்கிரம் முடியும்.

காலாவதியான ஆர்.சி.யோடு ரோட்டில் பிடிபட்டால் பிரிவு 192-இன் கீழ் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனமும் இதைக் காட்டிப் பிரச்சினை செய்யலாம்.

இதில் என் கருத்து ஒன்றுதான்: புதுப்பிப்பை விற்பவர் தன் பெயரிலேயே முடித்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள். ஆர்.சி. உயிரோடு இல்லாத வண்டிக்குப் பெயர் மாற்றம் நடக்காது. முன்பணம் சிறிதாகவும், பேச்சு எழுத்திலும் இருக்கட்டும்.

8. ஆய்வு நாள்

வண்டியை முந்தின நாளே கழுவிவிடுங்கள். காலையில் கழுவினால் டிரம்முக்குள் ஈரம் இருக்கும், பிரேக் பிடிக்காது. குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், கூடலூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரையும் மழைக்காலம். முடிந்தால் அதற்கு முன்பே நாள் வாங்குங்கள். ஹெல்மெட், ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஆய்வுக்கு ஓட்டிப் போகிறவர்களும் உண்டு, தேவையில்லாத வம்பு.

குறை சொன்னால் என்ன குறை என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சரிசெய்து மறுபடி காட்டலாம். தேறினால் பதிவு 5 வருடத்துக்கு நீளும்.

9. பெயர் மாற்றமும் இன்சூரன்ஸும்

படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30 ஒன்று. விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். பைக்குக்குக் கட்டணம் 150 ரூபாய், கார்டுக்கு 200. ஆதார் வேறு ஊர் முகவரியில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், அல்லது வாடகை ஒப்பந்தம் போன்ற வேறு சான்று செல்லுமா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். எஸ்டேட் குடியிருப்பில் இருப்பவர்கள் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்பதற்கும் 14 நாள்தான் கெடு. காலாவதியாகியிருந்தால் புதிது போடுங்கள். 75 முதல் 150 சி.சி. வரை மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூன் விகிதப்படி வருடம் 714 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. உரிமையாளருக்கான விபத்துக் காப்பு தனி.

வண்டி கை மாறும் தேதியோடு நேரத்தையும் போட்டு ஒரு ரசீது எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் பழைய தேதியில் ஒரு சலான் வந்தால் யார் கட்டுவது என்பதற்கு அந்த நேரம்தான் பதில்.